ஹீட்டர் கம்பிக்குள் வெள்ளைப் பொடி

(மதுரை திருநகர். பாடம் முடிந்த மாலையில் ஆசிரியரும் சீடனும்.)

சீடன்: ஐயா, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும் என்று படித்தேன். செம்பும் அலுமினியமும் இரண்டையும் கடத்துகின்றன. மரமும் பிளாஸ்டிக்கும் இரண்டையும் மறுக்கின்றன. அப்படியானால் இரண்டுக்கும் ஒரே வழிதானே?

ஆசிரியர்: அந்த விதி பாதி தூரம்தான் வரும், தம்பி. வாளியில் போட்டுத் தண்ணீர் காய வைக்கிற ஹீட்டர் கம்பியை எடுத்துக்கொள். வெளியே தெரிவது உலோகக் குழாய். உள்ளே நிக்ரோம் சுருள். 230 வோல்ட் அதில்தான் பாய்கிறது. சுருளுக்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மின்சாரம் அந்தப் பொடியைத் தாண்டவே கூடாது, வெப்பமோ தாண்டியே ஆக வேண்டும். மெல்லிய பொடிப் படலம் இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிக்கிறது. (அது ஈரத்தை உறிஞ்சும் பொடி. குழாயில் விரிசல் விட்டால் காப்பு போய்விடும். எர்த் இல்லாத பிளக்கில் இதை மாட்டாதே. ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீரில் கை வைக்காதே.) இரண்டுக்கும் ஒரே வழி என்றால் இப்படி ஒரு கம்பியைச் செய்திருக்கவே முடியாது.

மின்சாரம் ஓட, மின்னூட்டம் உள்ள ஏதோ ஒன்று இடம்பெயர வேண்டும். உலோகத்தில் அந்த வேலையைக் கட்டுறா எலக்ட்ரான்கள் செய்கின்றன. அந்த வெள்ளைப் பொடியில் அவை இல்லை. மின்சாரத்துக்குக் கதவு சாத்தியாயிற்று. வெப்பம் வெறும் ஆற்றல். எலக்ட்ரான் கிடைத்தால் அதிலும் போகும், கிடைக்காவிட்டால் அணுக்களின் அதிர்விலேயே போகும். சித்திரைத் திருவிழா நெரிசலில் ஒருவரும் நின்ற இடத்தை விட்டு நகராமல், பின்னால் விழுந்த தள்ளு முன்வரிசை வரை வந்து சேர்வதைப் போன்றது அது. அணுக்கள் இருக்கும்வரை அதிர்வை முழுக்க நிறுத்த வழியில்லை. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: மின்சாரத்துக்கு உண்மையான காப்பான் உண்டு, வெப்பத்துக்குக் கிடையாது, தாமதப்படுத்தும் பொருள்கள்தான் உண்டு. எண்களைப் பார். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400 என்றால் கண்ணாடிக்கு 1, அசையாத காற்றுக்கு 0.026. மின்சாரத்திலோ செம்புக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை எழுத, 1-க்குப் பின் 18 சுழியம் போட்டாலும் போதாது. திருப்பரங்குன்றத்துக் கருங்கல் உலர்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாப் பொருள்தான். ஆனாலும் கோடை வெயிலில் சூடேறிய அந்தக் கல்லில் வெறுங்காலோடு நின்றுபார். வெப்பம் காலுக்கு ஏறிவிடும்.

சீடன்: ஆனால் 1853-லேயே வீடமன், ஃபிரான்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள், ஒரே வெப்பநிலையில் உலோகங்களுக்கு இரண்டு கடத்துத்திறன்களின் விகிதம் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று காட்டிவிட்டார்களே?

ஆசிரியர்: உலோகங்களுக்குக் காட்டினார்கள். அங்கே வெப்பத்தையும் பெரும்பாலும் எலக்ட்ரான்களே சுமக்கின்றன. அதனால் விகிதம் ஒத்துப்போகிறது. உலோகத்துக்குள்ளேயும் விதி நெகிழ்வதை எவர்சில்வரில் காணலாம். அதன் மின்கடத்துத்திறனை வைத்துக் கணக்குப் போட்டால் வெப்பக் கடத்துத்திறன் 10 அளவில் வர வேண்டும்; அளந்தால் 15 வருகிறது. மிச்சம் அணு அதிர்வின் பங்கு.

இதைவிடத் தெளிவான சான்று பென்சிலில் இருக்கும் கிராஃபைட். அதை ஆராய்ந்தவர்களில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு: 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே. எஸ். கிருஷ்ணன். கிராஃபைட் படிகத்தில் கார்பன் அடுக்கடுக்காக இருக்கிறது. அடுக்கின் வழியே மின்சாரம் எளிதாக ஓடுகிறது, அடுக்கைக் குறுக்கே கடப்பது மிகக் கடினம் என்பதை அவரும் கங்குலி என்ற ஆய்வாளரும் 1939-இல் அறிவித்தார்கள். நல்ல படிகத்தில் அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. வெப்பத்திலும் வித்தியாசம் உண்டு, ஆனால் சில நூறு மடங்கோடு நின்றுவிடுகிறது. அடுக்கின் வழியே கிராஃபைட் இரண்டையும் நன்றாகக் கடத்துகிறது; உன் விதி இங்கே பொருந்துவதுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்த வெப்பத்தில் எலக்ட்ரான்கள் சுமப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றதெல்லாம் அதிர்வு. விடை சரியாக வந்தாலும் காரணம் வேறு.

சீடன்: தெர்மோகோலும் ஃபிளாஸ்கும் வெப்பத்தைத் தடுக்கின்றனவே?

ஆசிரியர்: தெர்மோகோலின் பெரும்பகுதி காற்று. அந்தப் பெட்டியில் வைத்த ஐஸ் மெதுவாக உருகுகிறது, உருகாமல் இருப்பதில்லை. ஃபிளாஸ்கின் சுவர்களுக்கு நடுவே பொருளையே எடுத்துவிடுகிறார்கள். அப்போதும் கதிர்வீச்சு வெற்றிடத்தைத் தாண்டும். அதற்காகத்தான் பளபளப்பான பூச்சு. மூடியின் வழியும் கழுத்தின் வழியும் கசிவது வேறு. சுவிட்சில் இரண்டு முனைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டால் போதும், மின்சாரம் நின்றுவிடும். வெப்பத்துக்கு அப்படி ஒரு சுவிட்ச் அமைவதில்லை.

சீடன்: ஹீட்டரில் இருக்கும் அந்தப் பொடிக்கு நேர்மாறாக, மின்சாரத்தை விட்டு வெப்பத்தை மறிக்கும் பொருள் உண்டா?

ஆசிரியர்: அது இதைவிடக் கடினம். மின்சாரத்துக்காக விட்ட எலக்ட்ரான் கூடவே வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகும். அந்தப் பங்கைக் கழிக்க முடியாது. அதிர்வின் பங்கைத்தான் குறைக்கலாம். பிஸ்மத், டெல்லூரியம் போன்ற கனமான அணுக்கள் வலுக்குறைந்த பிணைப்போடு இருந்தால் அதிர்வு வேகமாகப் போகாது, வழியிலேயே சிதறும். பிஸ்மத் டெல்லூரைடு கண்ணாடியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது, மின்சாரத்தையோ நன்றாகவே விடுகிறது. கம்ப்ரசர் இல்லாத சின்னக் குளிர்பெட்டிகளில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடுகிற தகடு இருக்கிறதே, அதில் இருப்பது இதுதான்.