ஏலவார்குழலி

காஞ்சிமாநகரில் காமாட்சி என்னும் திருநாமம் தாங்கிய பெண்ணில்லாத தெருவைக் காண்பது அரிது. ஆனால் ஏகாம்பரநாதர் ஆலயத்தில் உற்சவ மூர்த்தியாய் எழுந்தருளும் அம்பிகையின் பெயராகிய ஏலவார்குழலியைத் தம் மகளுக்குச் சூட்டும் பெற்றோர் மிகச் சிலரே. சுந்தரர் தமது காஞ்சிப் பதிகத்தில் போற்றிய பெயர் அது. ஏலமென்னும் மயிர்ச்சாந்து கமழும் நீண்ட கூந்தலையுடையவள் என்பது பொருள்.

நாமரூபங்களைக் கடந்த பரம்பொருளின் சக்தியைக் கூந்தலின் மணத்தால் அழைப்பது தகுமோ என்று வேதாந்தி வினவக்கூடும். விடை ஸ்தல புராணத்திலேயே இருக்கிறது. மாமரத்தடியில் மணலால் லிங்கம் அமைத்துப் பூஜித்த தேவி, கம்பையாறு பெருக்கெடுத்து வந்தபோது, தன்னைக் காத்துக்கொள்ள ஓடாமல் அம்மணலுருவை மார்புறத் தழுவிக்கொள்ள, இறைவனும் குழைந்து அவளுடைய வளைத்தழும்பைத் தன் மேனியில் ஏற்று, தழுவக் குழைந்த நாதன் என்ற பெயரும் பெற்றான். மணல் லிங்கமாதலின் இன்றும் பாணத்துக்கு நீராட்டுவதில்லை, ஆவுடையாருக்கே அபிஷேகம். அன்பின் வடுவைத் தாங்கச் சம்மதித்த கடவுள் அன்பின் பெயர்களையும் ஏற்கவே செய்வான் என்பது என் துணிபு. உருவத்தை வெறுத்து அருளை மட்டும் வேண்டும் ஞானத்தைவிட, உருவத்தின் வழியே அருளைத் தொடும் பக்தியே எனக்கு உவப்பானது.

பெயர் நீளமென்று தயங்குவோர் வீட்டில் 'குழலி' என்று அழைத்துக்கொள்ளட்டும். பள்ளிப் பதிவேட்டில் மட்டும் முழுப்பெயரையும் எழுதிவைக்குமாறு காஞ்சியின் தறிக்குடும்பங்களை மனமார வேண்டிக்கொள்கிறேன்.