இப்போதைக்கு ஒண்ணும் இல்லை

உங்களுக்கும் நடந்திருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத பல்வலி, டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காணாமல் போய்விடும். வீட்டில் ஓயாமல் பாடுகிற குழந்தை, விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும்.

என் காரும் அந்த ரகம்தான்.

2014 மாடல், பெட்ரோல் வண்டி. மழைக்கால மாலை ஒன்றில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது திடீரென்று உடம்பை உதறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. பாலம் இறங்கியதும் சரியாகிவிட்டது. பெட்ரோலில் தண்ணி கலந்திருக்கும் என்று நானே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டு வீடு வந்தேன். மறுநாளும் அதே பாலம், அதே உதறல். இந்த முறை டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது.

நாலைந்து நாளில் விளக்கு தானாகவே அணைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மெக்கானிக்கிடம் போக நேரம் கிடைத்தது. அவர் ஸ்டார்ட் செய்து, காது கொடுத்துக் கேட்டு, "வண்டி கிண்ணுனு இருக்கு சார். லைட்டே எரியலையே?" என்று அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் மறுபடி உதறல். வேறொருவரிடம் போனேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிளக் நான்கையும் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் பில் கொடுத்தார். பத்து நாள் வண்டி ராஜா மாதிரி ஓடியது. பதினோராவது நாள் மழை. பாலம். உதறல்.

மூன்றாவதாகப் போனது வேளச்சேரி சந்து ஒன்றில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒற்றை ஆளாக வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம். விளக்கு அன்றைக்கும் எரியவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் பதினாறு முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார்.

"லைட் அணைஞ்சா மறந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல சார். உள்ள எழுதி வெச்சிருக்கும்" என்றார். எழுதித்தான் வைத்திருந்தது. பி0303.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் 1996-லிருந்து விற்கிற கார்கள் எல்லாமே தங்கள் கோளாறை ஒரே பொது மொழியில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம். காற்று மாசைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு. ஓ.பி.டி. இரண்டு என்று பெயர். நம்மூர்க் கார்களுக்கு 2013-ல் வந்தது. அந்த மொழியில் 0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. 0303 என்றால் மூன்றாவது. 0300 என்றால் எது என்று நிச்சயமில்லாமல் அங்கங்கே தவறுகிறது. நம் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார்களே, அதேதான்.

அது எப்படிக் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது? நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை நெருப்புப் பற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்னத் தள்ளு. ஒரு தள்ளு விட்டுப்போனால், ஷாஃப்ட் நமக்குத் தெரியாத அளவுக்குத் துளியூண்டு தயங்கும். பக்கத்தில் இருக்கும் சென்சார் அந்தத் தயக்கத்தை எண்ணிவிடும். கணவன் பதில் சொல்வதற்கு முன் அரை விநாடி தயங்கியதிலேயே விஷயத்தைக் கண்டுபிடிக்கும் மனைவிமார்களை நான் அறிவேன். அதே தொழில்நுட்பம்தான்.

பெரியவர் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்ன வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

"மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங்னு தெரியுது. ஏன்னு தெரியலை."

எங்கே என்று தெரிவது வேறு, ஏன் என்று தெரிவது வேறு. பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டர், வயரிங், வால்வு, எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினார். முதலாவதன் காயிலை மூன்றாவதில் மாட்டினார். பழைய குறிப்பை அழித்தார்.

"போயிட்டு வாங்க. திரும்ப வரட்டும். இப்ப ஒண்ணாம் நம்பர்ல மிஸ்ஸிங் காட்டினா காயில்தான் ஆளு. மறுபடி மூணுலயே காட்டினா அதும்மேல பழி போடக் கூடாது, வேற தேடணும்."

"வரலைன்னா?"

"வரும் சார். வரும்போது மழையா, ஏ.சி. போட்டிருந்தீங்களா, எவ்ளோ தூரம் ஓட்டினப்புறம், மேடா, சமமா... எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. லைட் விட்டு விட்டு மின்னினா மட்டும் மிதிக்காதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுடும். மெதுவா ஓரங்கட்டிடுங்க."

கூலி இருநூறு ரூபாய். நான் வாழ்க்கையில் செலவழித்த மிக உருப்படியான இருநூறு.

இங்கேதான் கதையில் இன்னொருவர் நுழைகிறார். வண்டியை விற்பதாக ஏற்கெனவே ஒரு புரோக்கரிடம் சொல்லியிருந்தேன். காயில் மாற்றி மாட்டிய எட்டாம் நாள் அவர் ஒரு இளைஞரை அழைத்துவந்தார். கூடவே அவர் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. முதல் கார். அந்தப் பெண் பின்சீட்டைத் தடவிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

எட்டு நாளாக உதறலும் இல்லை, விளக்கும் இல்லை. எங்கள் தெருவிலேயே நாலு சுற்று ஓட்டிப் பார்த்தார். வண்டி பட்டாக வழுக்கியது. இறங்கிவந்து கேட்டார்: "இன்ஜின்ல ஒண்ணும் பிரச்னை இல்லையே சார்?"

புரோக்கர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பொய் சொன்னேனா? அன்றிரவு இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் வண்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை. காரணம் என்னவென்று எனக்கே தெரியாது. மெக்கானிக்குக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? வாங்குகிறவன்தானே பார்த்து வாங்க வேண்டும்?

சட்டம் கொஞ்ச தூரம் என் பக்கம் வருகிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு குதிரை நிற்கிறது. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அதற்குக் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வெறும் மௌனம் குற்றமில்லை.

ஆனால் அதே குதிரையை வைத்து அடுத்த உதாரணமும் அங்கேயே இருக்கிறது. வாங்குகிறவள், இப்போதுதான் வயதுக்கு வந்த அவனுடைய சொந்த மகள். அப்போது சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது உதாரணம் இன்னும் கூர்மை: "நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்கிறான். விற்பவன் பேசாமல் நிற்கிறான். இங்கே அந்த மௌனம், பேசியதற்குச் சமம்.

அந்த இளைஞர் கேட்டேவிட்டார். நான் மௌனமாகக்கூட நிற்கவில்லை. 'இப்போதைக்கு' என்கிற ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

யோசித்துப் பாருங்கள், இந்த 'இப்போதைக்கு' நம் வீடுகளில் எத்தனை வேலை செய்கிறது! பெண் கேட்டு வரும்போது, "குடிச்சாத்தான் கொஞ்சம் அப்படி இப்படி, மத்தபடி தங்கமான பையன்" என்பார்கள். அதையாவது சொன்னால் புண்ணியவான்கள். பலர் சொல்வதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பையன் குடித்திருக்கவில்லை, அது உண்மைதான். அந்த ஒரு நாள் உண்மையை நம்பி ஒருத்தி முப்பது வருஷம் குடித்தனம் செய்ய வேண்டியிருக்கிறது.

எப்போதும் இருக்கிற குறையை மறைப்பது கஷ்டம். நசுங்கிய கதவு எல்லார் கண்ணுக்கும் தெரியும். விட்டுவிட்டு வருகிற குறைதான் நம்மைச் சோதிக்கிறது. வராத நாட்களையெல்லாம் சாட்சிக்கு அழைத்து, 'பார், இல்லவே இல்லை' என்று நமக்கு நாமே நிரூபித்துக்கொள்ள முடிகிறது. கோபக்காரன், தான் கத்தாத நாட்களைத்தான் எண்ணி வைத்திருப்பான். அவன் வீட்டில் இருப்பவர்கள் எண்ணுவது வேறு நாட்களை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பழுதான காயில் சமமான தெருவில் காட்டிக்கொடுக்காது. மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். அப்போதுதான் பலவீனமான இடத்தில் மின்சாரம் கசியும். ஈரமும் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, அந்த இளைஞரை நான் எங்கள் தெருவில் ஓட்டவிட்டேன். பாலத்துக்குக் கூட்டிப்போகவில்லை. சுமை இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் நாம் எல்லாருமே நல்லவர்கள்தான்.

அந்த மனைவியும் குழந்தையும் மழையில் ஒரு பாலத்தின் நடுவே, பின்னால் லாரி ஹாரன் அடிக்க, உதறுகிற வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது. அங்கே உட்கார்ந்திருப்பது என் மகளாக இருந்தால் 'இப்போதைக்கு' என்று சொல்லியிருப்பேனா? சட்டம் மகளுக்கும் அந்நியனுக்கும் நடுவே கோடு போடலாம், அதற்குக் காரணங்கள் இருக்கும். மனசாட்சிக்கு அந்தக் கோடு எங்கே என்று தெரியவில்லை.

காலையில் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். காரணம் தெரியாது என்பதையும் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"நேத்து கேட்டேனே சார், அப்பவே சொல்லியிருக்கலாமே?"

சாயங்காலம் வந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். புரோக்கர் அதோடு என் போனை எடுப்பதில்லை. "ரொம்பத்தான் அரிச்சந்திரன்" என்று வீட்டில் ஒரு குரல் கேட்டது. அரிச்சந்திரன் முதல் நாளே சொல்லியிருப்பான்.

பதினைந்தாம் நாள் மழையில் விளக்கு வந்தது. நோட்டில் எழுதினேன்: மாலை, மழை, ஏ.சி. ஓடியது, பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பின், மேடு. வேளச்சேரியில் ஸ்கேனர் காட்டியது: பி0301. காயில் எங்கே போனதோ, கோளாறும் அங்கேயே போயிருந்தது. பெரியவர் அதைக் கழற்றிக் காட்டினார். உடம்பில் முடி போல ஒரு விரிசல். அதோடு விடவில்லை. காயில் முதலில் இருந்த மூன்றாவது குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். எண்ணெய். மேலே டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து, காயிலின் ரப்பரை ஊறவைத்திருந்தது. "காயிலை மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வந்திருப்பீங்க" என்றார். இரண்டையும் மாற்றினோம்.

அந்த இளைஞருக்குப் போன் செய்து சொன்னேன். அதற்குள் வேறு வண்டி வாங்கிவிட்டிருந்தார். "பரவால்ல சார், சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்றார். என் வண்டி இரண்டு மாதம் கழித்துப் பதினைந்தாயிரம் குறைவாக விற்றது. பழைய காயிலையும் ரிப்பேர் பில்லையும் சேர்த்தே கொடுத்தேன்.

கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டேன் பெரியவரிடம். முதல் நாள் உதறியபோது ஏன் விளக்கு எரியவில்லை?

"ஒரு தடவை வந்தா உள்ளுக்குள்ள குறிச்சு வெச்சுக்கும் சார். அடுத்த ஓட்டத்துலயும் அதே தப்பு வந்தாத்தான் லைட் போடும். முத தடவை சும்மா விட்டுடும்."

எனக்கும் மறுநாள் காலையில்தான் எரிந்தது. உள்ளே குறித்து வைத்திருக்கிறது என்பது மட்டும் முதல் நாளே தெரியும்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், இல்லையா?