நிழலும் சாட்சியும்

சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைத் தடாகத்தை அண்ணாந்து நோக்கி நின்றோம். மீனும் யானையும் நீரில் திளைக்க, பூக்கொய்யும் மாந்தர். அம்முகங்களைப் பார்க்க நமக்குக் கூச்சம் எழவில்லை. அவை தூரிகையில் பிறந்தவை.

முன்னர் ஒரு புகைப்படக் கண்காட்சித் திறப்பு விழாவில் அவ்வாறிருக்க இயலவில்லை. உரையாற்றிய கலைஞர் போபால் படங்களைத் திரையில் காட்டினார். 1984 டிசம்பரில் நச்சுவாயுவால் மாண்ட, பெயரறியாக் குழந்தை. மண்ணுக்கிடையே திறந்த கண்கள். ரகுராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் தனித்தனியே எடுத்தவை. அரங்கில் கரவொலி எழுந்தது. நம் கரங்கள் எழவில்லை.

எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது பகீத் (ரஹ்), புகைப்படம் படைத்தலன்று, நிழலைத் தடுத்து நிறுத்தலே எனக் கூறி அதனை ஆகுமாக்கினார்கள். நாமும் மாணவர்க்கு அவ்வாறே ஓதிக்கொடுத்தோம். ஆயின் அந்நிழல் யாருடையது? மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் தாம் கண்ட குறையை வெளியிடலாகாது என்கிறது ஃபிக்ஹு. அநீதிக்குச் சாட்சியானவன் அதை மறைத்தலோ பாவம் என்கிறது திருமறை. படமெடுத்தது சாட்சியம், ஆகும் என்றே துணிகிறோம். கைதட்டியதை எந்த வாசலில் நுழைப்பது? யூதரொருவரின் ஜனாஸா கடந்தபோதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அன்று அரங்கில் எவரும் எழவில்லை, நாமும் அமர்ந்தேயிருந்தோம்.