ஓய்வில் விட்ட மரம்

மலேசியாவில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் பள்ளி நூலகம் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. அதிலிருந்து கொண்டுவரும் புத்தகத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பார். தவறிக் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்படி வளர்ந்தவனுக்கு, பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடுவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்து எழுவதுபோல இருந்தது.

போன மாதம் நூலகத்தில் எடுத்த நாவல் ஒன்று தலைமாட்டிலேயே கிடந்தது. அறுபதாம் பக்கத்தில் செருகிய பஸ் டிக்கெட் மூன்று வாரமாக நகரவில்லை. தவணைத் தேதியும் கடந்துவிட்டது. அதையும் படிக்கவில்லை, வேறொன்றையும் எடுக்கவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காவது. ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் கொஞ்சமே. அதில் ஒன்றைச் சும்மா வைத்திருந்து இரண்டு விதிகளையும் மீறிக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் பால்வெட்டுத் தொழிலாளி. பால் இறங்காத மரத்தை மேலும் மேலும் கீற மாட்டார். "கத்திய ஆழமா விட்டா மரத்துக்குத்தான் காயம்" என்பார். அதை ஓய்வில் விட்டு நிரையில் அடுத்த மரத்துக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரே மரத்தடியில் நிற்க நேரம் ஏது?

பதினாறு வயதில், மலேசியத் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலை முப்பது பக்கத்தில் மூடிவிட்டேன். தினமும் பார்ப்பதைத்தானே எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. பிறகு எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறியது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். நாற்பது வயதில் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். விடியும்வரை கீழே வைக்கவில்லை. பதினாறு வயதிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருந்தால், 'அதைப் படித்தாயிற்று' என்று அதன் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்.

புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். உரியவர் கைக்கு அதைப் போகவிடுவதும் மரியாதைதான்.

சனிக்கிழமை அந்த நூலக நாவலிலிருந்து டிக்கெட்டை உருவினேன். அபராதத்தைக் கட்டிவிட்டு, புத்தகத்தை ஒருமுறை கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தேன்.