கசங்கிய சட்டை அணியும் உரிமை

துபாயில் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகும் தமிழரைப் பார்ப்பது அரிது. காலை ஏழு மணிக்குக் கராமாவிலோ ஷார்ஜா அல் நஹ்தாவிலோ ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஏறிப் பாருங்கள். மடிப்புக் கலையாத பேன்ட், பளபளக்கும் ஷூ, அளவாக அத்தர் வாசம். கீழே லாண்டரிக் கடை. சாயங்காலம் ஆனால் இஸ்திரி போட்ட சட்டைகளைத் தொங்கவிட்டபடி கடைப் பையன்கள் மாடி மாடியாக ஏறி இறங்குவார்கள். இதே ஆட்கள் ஊரில் இருந்தவரை உடையில் இவ்வளவு கண்டிப்பு காட்டியதில்லை. இங்கே வந்ததும் ஏன் இந்த விறைப்பு? வெகுகாலமாக என்னைத் தொடரும் கேள்வி இது. அமெரிக்கப் பழம்பணக்காரர்களின் உடுத்தும் முறையைப் பற்றிப் படித்தபோதுதான் அதற்கு ஒரு விடை தட்டுப்பட்டது.

பிரெப்பி என்று உலகம் அழைக்கும் அந்தப் பாணி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தயார்செய்யும் தனியார் பள்ளிகளிலும், யேல், பிரின்ஸ்டன் போன்ற வளாகங்களிலும் வளர்ந்தது. காலர் முனையில் பொத்தான் வைத்த சட்டை, நீல பிளேசர், காக்கி பேன்ட், காலுறை இல்லாமல் போடும் லோஃபர், கோடை வந்தால் மெட்ராஸ் கட்டம். 1818இல் நியூயார்க்கில் தொடங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் கடைதான் இதற்குத் தாய்வீடு. இந்த வாழ்க்கையின் விதிகளை லிசா பிர்ன்பாக் 1980இல் ஒரு வேடிக்கைக் கையேடாகத் தொகுத்தார். அது லட்சக்கணக்கில் விற்றது. அதைப் பார்த்து யாரும் இந்த உடைகளை வாங்கிவிடலாம். ஆனால் கடையில் கிடைக்காத ஒன்று இந்தப் பாணியில் உண்டு. காலர் தேய்ந்து நூல் பிரிந்தாலும் அந்தச் சட்டையைத் தூக்கிப் போடமாட்டார்கள். முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். கசங்கலுக்காக யாரும் கூச்சப்படுவதில்லை.

அந்தக் கவலையின்மைக்குக் காரணம் துணியில் இல்லை. தாத்தா படித்த பள்ளியில்தான் பேரனும் படிக்கிறான். கோடைக்குப் போய்த் தங்கும் வீடு குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. எங்கே போனாலும் ‘நீ யார்?’ என்று கேட்க ஆளில்லை. தன் இடம் உறுதியானவனுக்குச் சட்டை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

நம் நிலை வேறு. அமீரக மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டவர். அவர்களில் பெரும்பாலோரின் இருப்பு வேலையோடு கட்டப்பட்டது. விசாவில் ஒரு தேதி இருக்கிறது. வேலை போனால் அடுத்த வேலைக்குக் கிடைப்பது சில மாத அவகாசம். இங்கேயே பிறந்து வளர்ந்த மகனைக்கூடப் பதினெட்டு வயதுவரைதான் அப்பாவின் விசாவில் வைத்திருக்கலாம் என்று பொதுவிதி இருந்தது. 2022இல்தான் மணமாகாத மகன்களுக்கு அதை இருபத்தைந்து ஆக்கினார்கள். 2019 முதல் வந்த கோல்டன் விசா சிலருக்குப் பத்தாண்டு நிம்மதியைக் கொடுத்திருக்கிறது. மற்றவர்களில் பலருக்கு வாழ்க்கை இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று நகர்கிறது. இப்படி வாழ்கிறவருக்கு ஒவ்வொரு காலையும் ஒரு நேர்காணல். அதற்குத்தான் இத்தனை இஸ்திரி. அதைப் பகட்டு என்று எண்ணுவது அநியாயம். அதன் அடியில் இருப்பது பயம், அந்தப் பயத்தின் அடியில் ஊரிலிருக்கும் ஒரு குடும்பம்.

இதனால்தான் பிள்ளைகளுக்காவது அந்த நிம்மதியை விலைகொடுத்து வாங்கப் பார்க்கிறோம். இங்கிலாந்தின் பழைய பள்ளிகள் தம் பெயரோடு இங்கே கிளை விரித்திருக்கின்றன: துபாயில் 2007இல் ரெப்டன், அபுதாபியில் 2011இல் பிரைட்டன் காலேஜ், 2014இல் கிரான்லீ. பாலைவனத்து வெயிலிலும் பிள்ளைகளுக்குப் பிளேசர் உண்டு. கன்தூத்தில் போலோ மைதானம் இருக்கிறது. அந்த விளையாட்டின் குதிரைவீரனை மார்பில் தைத்த சட்டை எல்லா மால்களிலும் கிடைக்கிறது. நல்ல கல்விக்காகக் கடன்பட்டுக் கட்டணம் கட்டும் பெற்றோரை நான் மதிக்கிறேன். ஆனால் பிளேசரோடு சேர்ந்து இடமும் வந்துவிடும் என்று அவர்கள் நம்பும்போது மனம் கனக்கிறது.

அந்தக் குதிரைவீரனை உலகெங்கும் ஓடவிட்ட ரால்ஃப் லாரனும் அந்த வட்டத்தில் பிறந்தவர் அல்லர். 1939இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில், குடியேறி வந்த யூதக் குடும்பத்தில் ரால்ஃப் லிஃப்ஷிட்ஸாகப் பிறந்தார். அப்பா பெயின்ட் அடிப்பவர். 1967இல் கழுத்துப்பட்டை விற்கத் தொடங்கியவர், உள்ளே இருந்தவர்கள் யோசிக்காமல் உடுத்தியதை வெளியே நின்று ஊன்றிப் பார்த்து, உலகத்துக்கே விற்றார். இடம் இல்லாதவரின் கண்ணுக்குத்தான் இடம் இருப்பவரின் உடை இவ்வளவு துல்லியமாகத் தெரியும். வளைகுடாத் தமிழருக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டாத உண்மை.

பிரெப்பிப் பாணியின் கோடைத் துணிக்கு நம் நகரமான மெட்ராஸின் பெயர்; அது வளர்ந்த யேல் வளாகத்துக்கோ நம் நகரில் செல்வம் சேர்த்தவரின் பெயர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் அங்கே சேர்த்த செல்வத்தில் அடிமை வணிகத்தின் கறையும் உண்டு. அவர் 1718இல் கனெக்டிகட்டின் ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கை நன்கொடையாக அனுப்பினார். அது ஐந்நூற்று அறுபது பவுண்டுக்கு மேல் விலைபோனது. கல்லூரி அவர் பெயரை ஏற்றது. 1958இல் புரூக்ஸ் பிரதர்ஸுக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணி துவைத்ததும் சாயம் விட்டது என்றும், வாங்கியவர்கள் சண்டைக்கு வந்ததும் ‘சாயம் போவதே இதன் சிறப்பு’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு. துணியை விற்றவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கியவர். சாயம் போன துணி அந்தப் பழம்பணக்காரர் உடம்பில் ஏறியதும் அழகாயிற்று.

அதே கட்டம் இங்கே துபாயிலும் இருக்கிறது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலும், படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுக்கும் சத்வாவின் பெட் ஸ்பேஸ் அறைகளிலும், பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துக் குளித்து வருகிறவர் இடுப்பில் கட்டும் கைலி அது. வெயிலுக்கு அதைவிட உகந்த உடை கிடையாது. அரபிகள் தங்கள் நீண்ட அங்கியான கந்தூராவுக்குள் கட்டும் விஸாரும் அதற்கு உறவுதான். 1966 வரை இந்தக் கரையில் ரூபாயே செல்லுபடியாகும் அளவுக்கு நம் துணியும் சரக்கும் இங்கே புழங்கியவை. ஆனாலும் கைலியோடு கீழே இறங்கி டீ வாங்கப் போகும் மனிதரை, அதே கட்டத்தில் கோட் போட்டவரைப் பார்க்கும் கண்ணால் நாம் பார்ப்பதில்லை. நாம் என்றால் தமிழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லிஃப்டில் அவர் ஏறினால் சற்றுத் தள்ளி நிற்பது பெரும்பாலும் நம் ஆட்கள்தாம்.

இங்கேதான் என் கேள்விக்கு விடை முழுமையாகிறது. உடையில் தெரியும் அந்த இயல்பு, உடுத்தியவர் தனியாக உண்டாக்கிக்கொள்வது அன்று. சுற்றியிருப்பவர்கள் தங்கள் பார்வையால் அவருக்குக் கொடுப்பது. பழைய பணக்காரனின் கிழிந்த காலரைக் கண்டு யாரும் அவனை எடைபோடுவதில்லை. அதுதான் அவன் கவலையின்மையின் முழு மூலதனம். குடியுரிமையை நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பார்வையைக் கொடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதனால் வீட்டில் சில பழக்கங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காலர் நைந்த நல்ல சட்டையைத் தூக்கிப் போடாமல் சத்வாத் தையல்காரரிடம் கொடுத்துக் காலரைத் திருப்பித் தைக்கிறோம். அண்ணன் போட்டதைத் தம்பி போடுவதில் குறைவு ஒன்றும் இல்லை. விருந்தாளி வந்தால் கைலியை மாற்ற நான் அறைக்குள் ஓடுவதில்லை. கேம்பிலிருந்து வரும் ஊர்க்காரர் அந்தக் கோலத்திலேயே எங்கள் சோஃபாவில் சாய்ந்து உட்கார வேண்டும், பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். தன் சட்டைக்காக எடைபோடப்படாமல் வளரும் பிள்ளை, பிறர் சட்டையையும் எடைபோடாது. சொந்த மண்ணும் பரம்பரைப் பள்ளியும் இல்லாத எங்களால் அடுத்த தலைமுறைக்குத் தரமுடிந்த சொத்து அது. விசாவில் எந்தத் தேதி இருந்தாலும் அது அவர்களோடு போகும்.