இரவல் நகை

பிறர் கண்ணுக்கு உயர்ந்தவராகத் தோன்ற விரும்பும் மனிதர் அதற்காகச் செலுத்தும் விலை எவ்வளவு? பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884ஆம் ஆண்டு எழுதிய ‘கழுத்தணி’ என்னும் சிறுகதை இவ்வினாவை எழுப்புகின்றது.

கல்வி அமைச்சகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவரின் மனைவி மத்தில்த். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. வீட்டு வேலைக்கு ஒரு பணிப்பெண்ணும் உண்டு. ஆயினும் அவள் உள்ளம் மாளிகைகளையே நாடுகின்றது. அமைச்சரின் விருந்துக்கு அழைப்பு வருகின்றது. கணவர் துப்பாக்கி வாங்கச் சேர்த்திருந்த 400 பிராங்கு அவளுக்கு ஆடையாகின்றது. செல்வச் சீமாட்டியான தோழியின் வைர மாலை இரவலாக அவள் கழுத்தை அடைகின்றது. அன்றிரவே அது தொலைந்து போகின்றது. தந்தை விட்டுச் சென்ற பணத்துடன் கடனும் சேர்த்து, 36,000 பிராங்குக்கு அதே போன்றதொரு மாலையைக் கணவர் வாங்கித் தருகின்றார். கடன் தீரப் பத்தாண்டுகள் ஆகின்றன. அதன் பின்னரே தொலைந்த மாலை போலி என்பதும், அதன் மதிப்பு 500 பிராங்குக்கு மேற்படாது என்பதும் தெரிய வருகின்றன.

பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று இக்கதையைச் சுருக்கிக் கூறுவோர் உளர். சற்று ஊன்றி நோக்கினால், ஆசையைக் காட்டிலும் பொய்யான நாணமே அவளை அலைக்கழித்தது என்பது புலனாகும். கணவர் கொணர்ந்த எளிய மேலாடையைப் பிற பெண்கள் கண்டுவிடுவரே என்று கூசி, வண்டி வரும்வரை பொறு என்ற அவர் சொல்லையும் கேளாமல் படிகளில் விரைந்து இறங்குகின்றாள். முன்கூடம் வரை கழுத்தில் இருந்த மாலை வீடு சேரும்போது இல்லை. பிறகு, கொக்கி ஒடிந்ததால் செப்பனிடக் கொடுத்திருப்பதாகக் கணவர் சொல்லச் சொல்லத் தோழிக்குக் கடிதம் எழுதுகின்றாள். எளிய ஆடைக்கு நாணியவள் பொய்க் கடிதத்துக்கு நாணவில்லை! தொலைந்துவிட்டது என்று அக்கடிதத்தில் எழுதியிருந்தால் உண்மை அப்போதே வெளிப்பட்டிருக்கும் அன்றோ? மாலை போலி என்பதைத் தோழியும் இரவல் கொடுக்கையில் சொல்லவில்லை. இரு மௌனங்களுக்கு இடையே ஒரு குடும்பம் நசுங்கியது.

அரபு மொழியில் ‘குரூர்’ என்னும் சொல் தற்பெருமையையும் ஏமாற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். பகட்டை விரும்புவோர் முதலில் ஏமாற்றுவது தம்மையே. வைரத்துக்காக ஏங்கிய மத்தில்துக்கு வைரத்தையும் போலியையும் பிரித்தறியத் தெரியவில்லை.

அவ்வாறாயின் அவளது பத்தாண்டு உழைப்பு வீணா? வீண் என்று கூற மனம் வரவில்லை. பணிப்பெண்ணை நிறுத்திவிட்டுத் தானே பாத்திரம் துலக்கினாள், நீர் சுமந்தாள், கடைகளில் காசு காசாகப் பேரம் பேசினாள். கணவர் இரவுகளில் கணக்கும் படியும் எழுதினார். அமானிதமாகப் பெற்ற பொருளுக்கு ஈடு செய்ய இருவரும் பட்ட பாட்டை இகழும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் நாணயம் வேறு, வாய்மை வேறு. பொருளுக்குப் பொருள் தந்தாள். தோழிக்குரிய உண்மையைப் பத்தாண்டுகள் தன்னிடமே வைத்திருந்தாள். இறுதியில் அதைச் சொல்லும்போதுகூட, மாலை மாறியதைத் தோழி அறியவில்லை என்பதில் அவள் பெருமிதமே கொள்கின்றாள். வறுமை அவளுடைய கைகளைக் கரடாக்கியதே தவிர, அப்பெருமையைக் கரைக்கவில்லை.

எதற்கு நாண வேண்டும் என்பதை அறிவது அறிவின் ஒரு பகுதியாகும். இழந்ததை இழந்தேன் என்று கூறச் சிறிது நேரம் கூசி நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சிறு கூச்சத்தைத் தாங்க மாட்டாதவள் பத்தாண்டு வறுமையைத் தாங்க நேர்ந்தது.