பனி உருண்டைக்குள் கல்



பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் வாவியின்மேல் படரும் மூட்டந்தான். கையில் அள்ளி உருட்டும் பனியை இங்குள்ள நம் பிள்ளைகள் கண்டதில்லை; கடல் கடந்து போனவர்கள் கண்டிருக்கிறார்கள். கனடாவிலுள்ள பேரன் பனியை உருட்டித் தகப்பன்மேல் எறியும் படத்தைக் கல்லடியில் ஓர் அம்மம்மா கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டினார். "எறிபட்டவனும் சிரிக்கிறான் பாருங்க சுவாமி" என்றார்.

விளையாட்டுக்கு அடையாளம் அதுவே. எறிந்தவனும் சிரிக்கிறான், எறிபட்டவனும் சிரிக்கிறான். மேலே பட்ட பனி பூவாய்ச் சிதறிப் போகிறது.

ஆனால், அதே பனிக்குள் ஒரு கல்லைப் பொதிந்தால்? வெளியே வெண்மை, உள்ளே வன்மம்! 1770ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் காவல் நின்ற பிரித்தானியப் படைவீரன் ஒருவனைக் கூட்டமொன்று சூழ்ந்து ஏசியது. ஏச்சைத் தொடர்ந்து பனி உருண்டைகளும் பனிக்கட்டிகளும் பறந்தன. துணைக்கு வந்த வீரர்கள் சுட்டார்கள். 5 பேர் மாண்டார்கள். உருண்டை சிறிது, அது திறந்துவிட்ட வழியோ பெரிது.

பனி விழாத நம் மண்ணிலும் இந்த எறிதல் நடக்கிறது. "பகிடிக்குத்தானே சொன்னேன்" என்கிறோம். அந்தப் பகிடிக்குள் வேலிச் சண்டையும் சீதனக் கணக்கும் கல்லாய்க் கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று நம் நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பச்சிளம் பிள்ளைகளும் மாண்டார்களே! அதன் பின்னர், குற்றமற்ற அயலூரவரைப் பற்றிக் காதில் விழுந்த பேச்சை ஆராயாமல் உருட்டிவிட்டவர்கள் நம்மில் இல்லையா? உருளும் பனி வழியிலுள்ள பனியையெல்லாம் தன்மேல் சுற்றிக்கொண்டு பெருக்கும். வதந்தியும் அப்படியே. உருட்டியவனே பின்னர் அதை நிறுத்த முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். கடுங்குளிரில் விழும் பனி மாவாய் உதிரும். எவ்வளவு பிடித்தாலும் ஒட்டாது. சற்று வெப்பம் பட்டு, ஈரம் கசிந்த பனியே ஒன்றோடொன்று சேரும். மனிதர் நாமும் அவ்வாறே. இறுகிக் குளிர்ந்த நெஞ்சங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒட்டுவதில்லை. இரக்கத்தின் ஈரம் வேண்டும்.

ஆகவே, இந்த வாரம் யார்மீதாவது எறிய ஒரு சொல் உங்கள் கையில் இருந்தால், உடனே எறியாதீர்கள். ஓர் இரவு வைத்திருங்கள். கையின் சூட்டில் பனி உருகிவிடும். உள்ளே வைத்த கல் மட்டும் மிஞ்சும். அது கல்தான் என்பது அப்போது உங்களுக்கே தெரியும். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைச் சூழ்ந்து நின்றவர்களும் ஆண்டவர் முன்னிலையில் தங்களையே பார்த்தார்கள். முதியோர் தொடங்கி ஒவ்வொருவராய்த் திரும்பிப் போனார்கள்.

அந்தக் கல்லோடு நீங்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். வெறுங்கையோடு திரும்பிப் போய், அந்த அயலவரின் படலையைத் தட்டுங்கள்.